"அப்புறம் கமிட் பண்ணிக்கலாம்" என்ற அண்ணனுக்கு

என் பாசக்கார, பொறுப்பில்லாத மாதேஷ் அண்ணா,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இத்தனை நாள் அழுதேன். இன்றைக்கு உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன்.

நம் ஓசூர் கம்பெனியில் லைன் ஓடும்போதே, பிரஸ் மெஷின் பக்கத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதை ஓட்டுகிற புரோகிராமைத் திருத்துவாய். "சர்வர்ல ஏத்துண்ணா" என்றால், "ஓடுதில்ல, அப்புறம் கமிட் பண்ணிக்கலாம் புள்ள" என்று பைக்கை எடுத்துக்கொண்டு குருபரப்பள்ளிக்குப் பறப்பாய். கமிட் போட்டுப் பதிவு செய்யாத திருத்தம் அந்த ஒரு கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். ஒருநாள் அந்த ரோட்டிலேயே போய்விட்டாய். இனி எப்போது அண்ணா உன் அப்புறம்?

போன வாரம் பெங்களூர் ஆபீசிலிருந்து புது வெர்ஷன் வந்தது. இறக்கினால், இங்கே கமிட் ஆகாத மாற்றங்கள் இருக்கின்றன என்று சொல்லி நின்றுவிட்டது. "ஸ்டாஷ் பண்ணி ஓரமா வெச்சுக்கறேன் சார், ரெண்டு நிமிஷம்" என்றேன். இன்சார்ஜ் கத்தினார். "செத்தவன் போட்ட டெஸ்டிங் குப்பைம்மா அது. தூக்கிப் போடு, லைன் நிக்குது!"

அந்த வார்த்தையைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பார். என்ன மாற்றம் என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. என் கையாலேயே அழித்தேன்.

மறுநாள், தளியிலிருந்து வருகிற மஞ்சுளாக்கா பிரஸ் மூடியைத் திறந்து, சிக்கிய பீஸை எடுக்கக் கையை உள்ளே விட்டார். மூடி திறந்தால் பிரஸ் நிற்கும் என்ற நம்பிக்கை. நிற்கவில்லை. கிளவுஸ் நசுங்கியது, கை எப்படியோ தப்பியது. "அய்யோ தேவரே! மாதேஷு எனக்காகச் செஞ்சு குடுத்தது அது. யாரு எடுத்தது?" என்று கன்னடமும் தமிழுமாக அலறினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒருத்தியின் கையைக் காப்பாற்றுகிற திருத்தம் அண்ணா அது! ஒரு கமிட் போட உனக்கு என்ன கேடு? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

மஞ்சுளாக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்லத் திரும்ப எழுதினேன். இன்சார்ஜ் வாட்சைப் பார்த்தார். "நிக்கட்டும் சார்" என்றேன். மூடியைத் திறந்து பத்துத் தடவை சோதித்த பிறகு, உன் பெயரைப் போட்டு கமிட் செய்து சர்வரில் ஏற்றினேன்.

இனி எவன் கத்தினாலும், திறந்து பார்க்காமல் ஒரு வரியைக்கூட அழிக்க மாட்டேன். இது சத்தியம். உன்மேல் இருக்கிற கோபம் மட்டும் தீராது. அதற்கு நீதான் வரவேண்டும்.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
சுமதி