பெட்டியில் வந்த பச்சை மூடி டப்பா

என் உம்மாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பச்சை மூடி. பண்பொழிப் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில், டோக்கன் வாங்க நின்ற ஒரு மாமியின் துணிப்பையிலிருந்து அது எட்டிப் பார்த்தது. மூடியின் மேல் அரபு எழுத்து. உன் தலைமாட்டில் இருந்த டப்பாவுக்கும் இதே மூடிதான்.

முகாமில் உனக்கென்ன வேலை என்று நீ கேட்பாய். வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிறவள்தானே நான். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

தென்காசியில் ஒரு மருந்துக் கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளியூர் டாக்டர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் வருகிறார்கள், ஆஸ்பத்திரி தூரமாக இருக்கும் ஊர்களுக்குப் போகிறார்கள், சம்பளம் இல்லாமல் உதவ ஆட்கள் வேண்டும் என்று போட்டிருந்தது. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'மற்றவர்களும்' என்று ஒரு வார்த்தை. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் கடையைத் தாண்டிப் போனேன். மூன்றாம் நாள் உள்ளே போனேன்.

கடையில் இருந்தது மேரி அக்கா. மருந்து எடுத்துக் கொடுக்கிறவர், முகாமுக்கு ஆள் சேர்க்கிறவரும் அவர்தான்.

"என்னட்டி வேணும்? தலைவலி மாத்திரையா?"

நான் கண்ணாடியைக் காட்டினேன்.

"பேரு?"

"பர்வீன்."

"சத்தமாச் சொல்லு. கொசுல்லா வந்திருக்குன்னு நெனச்சேன்."

ஒரு படிவம் கொடுத்தார். படிப்பு என்ற இடத்தில் 'ஒன்பதாம் வகுப்பு, பாதி' என்று எழுதினேன். திருநெல்வேலிக்கு உன்னோடு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு வந்ததில் நின்ற படிப்பு அது என்று எழுத அங்கே இடம் இல்லை. அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கையெழுத்து நல்லாருக்கே. ஊசி போட ஆள் இருக்கு, பேர் எழுதத்தான் ஆள் இல்ல. டாக்டர்மார் எழுதுனா அவியளுக்கே புரிய மாட்டேங்கு."

எனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் வீட்டில் சம்மதம் வேண்டும் என்றார். வாப்பாவுக்கு சௌதிக்குப் போன் போட்டேன்.

"அங்கன போய் என்னம்மா செய்யணும்?"

"டோக்கன் எழுதணும் வாப்பா."

"பேசணுமோ?"

"கொஞ்சம்."

"நீ பேசுவியா?" என்று சிரித்தார். பிறகு, போ என்றார். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாராம், பெட்டி கட்டத் தொடங்கியாயிற்றாம். "சாச்சிக்கு முட்டு வலிக்குதாம்லா. உங்க உம்மாவுக்கு அனுப்புவனே, அந்தப் பச்ச மூடி டப்பா ரெண்டு வாங்கி வச்சிட்டேன்."

நான், "சரி வாப்பா" என்றேன்.

அந்த 'சரி'யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் தங்கச்சி, உன் இடத்தில் இருந்து எங்களுக்குச் சோறு போடுகிற சாச்சி, அந்த டப்பா மாத்திரையைத் தின்னப் போகிறாள். நான் 'சரி' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

முகாமுக்கு முன்னால் அரை நாள் வகுப்பு இருந்தது. என்ன செய்யக் கூடாது என்பதையே அதிகம் சொன்னார்கள். ஊசியைத் தொடக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. யாருக்கு என்ன நோய் என்று வெளியே பேசக் கூடாது. மருந்தைப் பற்றி நோயாளியிடம் நாம் வாயே திறக்கக் கூடாது, அது டாக்டர் வேலை. கொண்டுவர வேண்டியவை தண்ணீர், மத்தியானச் சாப்பாடு, குடை, இரண்டு பேனா. ஒரு பேனாவை யாராவது வாங்கிப் போய்த் தர மாட்டார்கள் என்றார் மேரி அக்கா. அப்படியே நடந்தது.

பண்பொழியில் அன்று சாரல். டாக்டர்கள் குற்றாலத்தில் தங்கியிருந்து வந்தார்கள். வரிசையில் நின்ற பெண்களுக்கு அதுதான் பேச்சு.

"சீசனுக்குக் குளிக்க வந்திருக்காவட்டி. போற போக்குல நமக்கும் ஒரு ஊசி."

"குளிச்ச கைதான, நல்லதுதான். சோப்பு வாசமாவது வரும்."

நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். பேர், வயசு, ஊர், என்ன செய்யுது. நாலு கேள்விதான். முதல் பத்துப் பேரிடமும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது, என் குரல் அப்படி. இருபதாவது ஆளுக்கு மேல் ஒரு தடவை போதுமாக இருந்தது.

அப்போதுதான் அந்த மாமி வந்தார். பேரை உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன், அது முகாம் விதி. கால் வலி என்றார், எழுதினேன். சீட்டை வாங்கிக்கொண்டு, டாக்டர் மேசையை மறைத்துக் கட்டியிருந்த சேலைக்கு அந்தப் பக்கம் போனார். பச்சை மூடியும் போயிற்று.

உனக்குக் கீழப்பாவூர் ஞாபகம் இருக்கிறதா? அங்கேயும் இப்படி ஒரு முகாம். உன் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். "மாத்திரையா? நான் தொடவே மாட்டேன் டாக்டர்" என்று நீ சொன்னாய். பையில் டப்பா இருந்தது. பீடி சுற்றி நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்வாய்.

நீ பொய் சொல்லவில்லை. அது வாப்பாவின் பெட்டியில் சோப்பு, தைலம், பால்மாவு டின்னோடு வந்தது. அக்கம்பக்கத்துக்குச் சோப்பைப் பங்கு வைப்பது போலவே அதையும் பத்துப் பத்தாக எண்ணிக் கொடுப்பாய். நம் வீடுகளில் மாத்திரை என்றால் டாக்டர் எழுதித் தருவது. பெட்டியில் வந்தால் அது சாமான்.

அதுவும் மாத்திரைதான் என்று எனக்குத் தெரியும். டப்பாவைக் கையால் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, பேசவில்லை. பிறகு திருநெல்வேலியில் உன் சிறுநீரகம் கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அந்த டப்பாவைப் பார்த்துச் சொன்னார்கள். அன்றே நான் சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாயா? அதை நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. வாப்பாவிடம் இதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

சேலைக்கு அந்தப் பக்கம் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். மாமி, "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார்.

நான் எழுந்தேன்.

"ஏட்டி, டோக்கன் போடாம எங்க போற?" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். சேலையை விலக்கி உள்ளே போய் நின்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்க முடியவில்லை, மாமியைப் பார்த்தேன்.

"மாமி, பெட்டியில வந்தது ஏதாவது திங்கியளா?"

"ஆமா, மவன் அனுப்புதான். கால் வலிக்கு." மாமி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். "இது மாத்திரை இல்லட்டி, சௌதி சாமான். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

டாக்டர் எழுதியதை நிறுத்திவிட்டு டப்பாவைக் கையில் எடுத்தார். நான் வெளியே வந்தேன்.

மேரி அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா? பாத்தா என்கிட்டல்லா வந்து சொல்லணும். நீயா உள்ள போவியோ?"

"போக மாட்டேன்க்கா."

அவர் உள்ளே போய் டாக்டரிடம் ஏதோ பேசினார். வந்து, மிச்சமிருந்த சீட்டுக் கட்டை என் முன்னால் போட்டார். "டாக்டர் சொல்லிட்டாரு. அந்தக் கேள்விய எல்லாத்துலயும் எழுது. நீ கேட்ட மாதிரியே எழுது. அவரு கேட்டா ஒருத்தியும் சொல்ல மாட்டா."

எழுதினேன். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று டப்பா வந்தது. ஒன்று மட்டும் நீல மூடி.

வேனில் வரும்போது அடுத்த மாதம் திருவேங்கடம் என்று மேரி அக்கா பொதுவாகச் சொன்னார். நான் போவேன் உம்மா. அதற்கடுத்த மாதம் எந்த ஊரோ, அங்கேயும் போவேன். பெட்டியைப் பற்றிக் கேட்காமல் ஒரு சீட்டையும் உள்ளே விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வீட்டுக்கு வந்தேன். சாச்சி காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து வாப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார்.

"வாப்பா, பெட்டியைக் கட்டி முடிச்சிட்டியளா?" என்று கேட்டேன்.

உன் மூத்த பிள்ளை,
பர்வீன்