பத்தாயிரம் காலடிகளும் ஒரு முக்காலியும்

என் அன்பு அப்பாவுக்கு,

பின்வாசல் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. அம்மா கோழிகளை எண்ணிக்கொண்டு நிற்கிறாள், ஒன்று குறைகிறதாம். நீங்கள் போய் ஒரு வருஷம். முந்தாநாள் வீட்டில் நினைவு ஜெபம் வைத்தோம். போதகர் சீக்கிரம் முடித்துவிட்டார், உங்களுக்குப் பிடித்திருக்கும்.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். "தெனமும் நடந்த மனுசன். அவருக்குப் போய் இப்பிடி வந்துட்டே." தலையாட்டித் தலையாட்டி எனக்குக் கழுத்து வலித்தது. இந்த ஒரு வருஷமாக நான் அதிகம் செய்த வேலை தலையாட்டுவதுதான் அப்பா. வேறு எதற்கும் தெம்பில்லை.

நடை உங்களுக்கு எப்போதும் ஆகாது. முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். தெருமுனைக் கடைக்குக்கூட ஸ்கூட்டர்தான். கேட்டால், "நான் உக்காந்துட்டே இந்த மாவட்டத்த எத்தன வாட்டி சுத்தியிருக்கேன் தெரியுமாட்டி?" என்பீர்கள். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது, தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் அவரை ஏதோ தவறான வழித்தடத்தைச் சொன்னவரைப் போலப் பார்த்தீர்கள்.

அதனால்தான் பெங்களூரிலிருந்து அந்த வாட்சை வாங்கி அனுப்பினேன், எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். கையில் கட்டினால் காலடிகளை எண்ணும். உங்கள் எண்ணிக்கை என் போனிலும், என்னுடையது உங்கள் போனிலும் தெரியும். பந்தயம் நீங்கள் வைத்ததுதான். வாரக் கடைசியில் யாருக்குக் குறைவோ அவர்கள் கூப்பிட்டு, "தோத்துப் போனேன்" என்று மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று நாளும் உங்கள் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டவில்லை. நான்காம் நாள் பதினோராயிரம்! அலுவலகம் என்பதையும் மறந்து போனில் கத்தினேன். அன்றிலிருந்து நான் ஜெயித்ததே இல்லை. சனிக்கிழமை தோறும் மாடிப்படியில் ஒதுங்கி நின்று, யாருக்கும் கேட்காத குரலில் தோல்வியைச் சொல்வேன். "கேக்கல்லியே, பெலமாச் சொல்லு" என்பீர்கள். "ஏட்டி, கட்டில்ல கெடந்து பொஸ்தகம் வாசிச்சா காலு எண்ணுமா?"

என் போனில் வரும் கோட்டுப் படத்தில் உங்கள் காலை நேரம் இரண்டு மேடுகளாகத் தெரியும். ஆறு மணிக்கு மேல் ஒன்று, பத்து மணி வாக்கில் இன்னொன்று. என் அப்பா காலையில் இரண்டு தடவை நடக்கிறார் என்று பக்கத்து மேசைக்காரியிடம் பீற்றிக்கொண்டேன். மழை நாளில் எண்ணிக்கை படுத்துவிடும். நனைந்தால் சளி பிடிக்கும் என்பீர்கள். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதத்தில் ஒரேயடியாகப் படுத்தது. முட்டு வலி என்றீர்கள். நான் முட்டுக்குப் போடும் உறையும் தைலமும் வாங்கி அனுப்பினேன். இத்தனை வாசிக்கிறவள். அந்த இரண்டு மேட்டை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாட்ச் வருவதற்கு முன்பு இரண்டு நாளைக்கு ஒருமுறை கூப்பிடுவேன். மாத்திரை போட்டீர்களா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்பேன். எண்ணிக்கை வரத் தொடங்கிய பிறகு அதைப் பார்ப்பதே போதும் என்றாகிவிட்டது. பதினோராயிரம் நடக்கிறவருக்கு என்ன குறை?

அந்தக் கடைசிக்கு முந்தின நாள் உங்கள் எண்ணிக்கை ஒன்பதாயிரத்துச் சொச்சம். "ஏன் குறைஞ்சுது? நாளைக்குப் பத்தாயிரம் தாண்டணும்" என்று செய்தி அனுப்பினேன். "சரி மேடம்" என்று பதில் போட்டீர்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்னால் உங்கள் எண்ணிலிருந்து அழைப்பு. திரையில் 'அப்பா' என்றிருந்தது. பேசியது தங்கராஜ் மாமா. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர், உங்களோடு சின்ன வயதிலிருந்தே சுற்றியவர். "மோளே, அப்பா நடக்கும்போ விழுந்துட்டாரு. வா" என்றார். வண்டியில் வரும் வழியில் போனைப் பார்த்தேன். அன்றைய கணக்கு: 4,386.

அப்படியென்றால் நடந்திருக்கிறீர்கள். நான் சொன்ன பத்தாயிரத்துக்காக, மூச்சு வாங்க வாங்க. அந்த நாளின் மேட்டைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மொத்தக் கணக்கு மட்டும்தான் பார்த்தேன். உங்கள் காலடி எந்த நிமிஷத்தில் நின்றது என்பது அதில் இருக்கும் அல்லவா?

உங்களை விரட்டி விரட்டிக் கொன்றேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. என் வாட்சைக் கழற்றி அலமாரியில் போட்டேன். மின்தூக்கி பழுதானால்கூட மாடி ஏற மனம் வராமல் கீழேயே நின்றிருக்கிறேன். நடந்தால் எண்ணத் தொடங்கிவிடுவேன். எண்ணினால் நாலாயிரத்து முந்நூற்று எண்பத்தாறு வரைக்கும்தான் எண்ணத் தோன்றும்.

ஜெபம் முடிந்த மறுநாள், நேற்றுக் காலையில், அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து உங்கள் ஷூவை எடுத்தாள். "இத தங்கராஜுக்குக் குடு. சும்மா கெடந்து என்னத்துக்கு?" என்றாள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் வார்த்திருந்த வரிகள் ஓரத்தில் லேசாக மழுங்கியதோடு சரி, ஒன்றுகூடத் தேய்ந்து அழியவில்லை. பத்து மாதம் அப்பா, தினமும் பத்தாயிரம். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாதது போல இருந்தது.

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மாமா, ரப்பர் சீட்டு அடிக்கும் புரையில் இருந்தார். தகரக் கூரை, சீட்டு அழுத்தும் உருளை, தூணோரம் ஒரு முக்காலி. அவ்வளவுதான் அந்தப் புரை. ராத்திரி மழை பெய்ததால் அன்று வெட்டு இல்லை.

"மாமா, இது பத்து மாசம் நடந்த ஷூவா?"

அவர் வாங்கி அடியைப் பார்த்தார். முக்காலிப் பக்கம் போனவர் அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"நடந்தது நான், மோளே. ரப்பர் செருப்புப் போட்டு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார்.

"நாலாம் நாளு வந்து கையிலேருந்து வாட்ச கழத்தினான். 'லே தங்கராஜு, இவ பெங்களூருல இருந்து எனக்க காலை எண்ணுகா. இண்ணைக்கு ஒரு நாளு நீ கெட்டு, பிள்ள சந்தோசப்படட்டும்'ன்னான். அன்னைக்கு நீ போன்ல கத்தின கத்துல அவனுக்கு நெலத்துல காலு நிக்கல்ல. பின்ன எப்பிடிக் கழத்த?"

மாமாவுக்கு முந்நூற்றைம்பது மரம். விடிந்ததும் வெட்ட ஒரு சுற்று, பத்து மணிக்கு, மரத்தில் கட்டிய சிரட்டைகளில் நிறைந்த பாலை எடுக்க இன்னொரு சுற்று. என் இரண்டு மேடும் அதுதான். மழையென்றால் வெட்டில்லை. இலை உதிர்ந்தால் வெட்டில்லை. உங்களுக்கு முட்டு வலியும் இல்லை.

"அப்போ அப்பா என்ன செய்வாங்க?"

"இந்த முக்காலியில இருந்து பேப்பர் வாசிப்பான். எனக்கு எழுத்து தெரியாதுல்லா? பெலமா வாசிப்பான். நான் மரத்துக்கு மரம் பதில் சொல்லுவேன். 'லே, இண்ணைக்கு மழ இல்லையாம்'பான். 'அப்பம் பெய்யும், குடை எடுத்துக்கோ'ம்பேன். பத்து மணிக்கு அவிச்ச மரச்சீனிக் கெழங்கும் காந்தாரி மொளகும். அவன் எனக்கு வாசிச்சான், நான் அவனுக்கு நடந்தேன். வேற என்ன?"

கோபப்பட்டிருக்க வேண்டும். களைப்புதான் வந்தது. ஒரு வருஷமாகச் சுமந்ததை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, அதே எடையில் வேறொன்றைத் தூக்கித் தந்தது போல. நீங்கள் நடந்து சாகவில்லை. அப்படியானால், நடக்காததால் போனீர்களா? அந்த எண்ணிக்கையை நம்பிக் கூப்பிடாமல் இருந்தேனே, அதனாலா? இதற்கு யார் பதில் சொல்வார்கள்?

"அன்னைக்கு ஏன் நடக்கும்போ விழுந்தாங்கன்னு சொன்னீங்க?"

"நீ வாங்கித் தந்த வாட்ச நான் கெட்டியிருந்தேன், அவன் இருந்த இருப்புல போனான்னு எந்த வாயால சொல்லச் சொல்லுக?"

பக்கத்தில் கிடந்த வாளியைக் கூரைச் சொட்டுக்குக் கீழே தள்ளி வைத்தார். பிறகு சொன்னதை, அவர் என்னிடம் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

"அன்னைக்கு கிரிக்கெட் வாசிச்சிட்டு இருந்தான். நடுவுல நின்னுது. பக்கம் பொரட்டுகான்னு நெனச்சேன். ஏலேன்னு ஒரு வாட்டி விளிச்சேன். சத்தம் இல்ல. ஒறங்கிட்டான்னு நெனச்சேன். அந்த வரிசைய முடிச்சிட்டுதான் வந்தேன், மோளே. நாப்பது மரம்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஒரு காரியம் கேக்கணும். ஒரு வருசமாக் கேக்கணும்னு கெடக்கு. அந்த வாட்சு எல்லாத்தையும் எண்ணுமே. அந்த நாப்பது மரத்துக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அதுல இருக்குமா?"

இருக்கும் அப்பா. நிமிஷம் நிமிஷமாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி பத்துப் பன்னிரண்டு அடி. ஒரு மரத்தடியில் கொஞ்சம் கூடுதலாக நின்றிருப்பார், உங்களை விளித்த இடம் அது. பிறகு நாற்பது மரம். பிறகு ஓட்டம். நான் ஒரு வருஷமாகத் திறக்கப் பயந்த அதே பக்கம். உங்கள் காலடி நின்ற நேரம் அதில் இருக்கும் என்று பயந்தேன். அதில் இருப்பது அவருடைய ஓட்டம்.

"அதில மொத்தக் கணக்கு மட்டுந்தான் மாமா இருக்கும். நேரமெல்லாம் இருக்காது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "செரி" என்றார். நம்பினாரா? அந்தச் 'செரி'யிலிருந்து எதுவும் தெரியவில்லை. ஷூவை எடுத்துக் கூரைக்கு அடியில் உத்தரத்தின் மேல் வைத்தார். "இது எனக்குச் சேராது. சின்னது. இங்க இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். உங்கள் கணக்கை முழுவதுமாக அழித்துவிடலாமா, அழித்தால் திரும்பக் கிடைக்காது என்று கேட்டது. ஆம் என்று தொட்டேன். அந்தப் பக்கத்தைக் கடைசிவரை நான் திறக்கவில்லை. திறந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரிந்தால் என்றாவது ஒருநாள் அது என் முகத்திலிருந்து அவருக்குத் தெரிந்துவிடும். பத்து மாதக் காலடிகள் போயின. எதுவும் உங்களுடையதில்லை என்றாலும், 'அப்பா' என்ற பெயரின் பக்கத்தில் இருந்தவை. கொஞ்சம் அழுதேன்.

இந்தக் கடிதம் என்றாவது வேறு யார் கையிலாவது கிடைத்து, அவர்கள் மாமாவை அறிந்திருந்தால், தயவுசெய்து இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இன்று காலை அம்மாவிடம் சொன்னேன், வாட்ச் கதையை மட்டும். நாற்பது மரத்தைச் சொல்லவில்லை. அம்மா முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு சிரித்தாள். "அஞ்சு மணிக்கூர் நடந்துட்டு வாற மனுசனுக்கு ஒரு கிலோ கொறையல்லியேன்னு நான் அன்னைக்கே பாத்தேன். நடந்த பசியாம், எட்டு தோசை! மரச்சீனிக்கு மேல எட்டு தோசை!" சிரித்துக்கொண்டே முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் எடுக்க ரொம்ப நேரமாயிற்று.

பிறகு நான் ஒன்று செய்தேன். வாட்ச் இல்லாமல், போன் இல்லாமல், நம் வீட்டு வாசலிலிருந்து அந்த முக்காலிவரை நடந்தேன். வாயால் எண்ணினேன். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. உங்கள் கால் நீளம், இன்னும் குறைவாக இருக்கும். டாக்டர் சொன்ன அரை மணி நேரத்துக்கு இது எங்கே காணும்? ஆனாலும் நடந்திருக்கிறீர்கள். மழை பெய்யாத எல்லா நாளும், ஷூ மாட்டிக்கொண்டு, போகவும் வரவும். முப்பது வருஷம் உட்கார்ந்தே இருந்தவர், ஒரு கூட்டுக்காரனுக்குப் பேப்பர் வாசிக்க அவ்வளவு தூரம் நடந்திருக்கிறீர்கள். இந்த ஒரு எண்ணை நான் வைத்துக்கொள்கிறேன்.

நாளைக்குப் பெங்களூர் திரும்ப வேண்டியவள். விடுமுறையை இரண்டு நாள் நீட்டிக் கேட்டிருக்கிறேன். மழை இல்லையென்றால் நாளைக்கு மாமாவுக்கு வெட்டு உண்டு. உங்கள் முக்காலியில் நான் உட்காரப் போகிறேன். கேட்டபோது, "நீ பேசினா பக்கத்துல நிக்கவனுக்கே கேக்காதே, மோளே" என்றார். உங்களுக்கும் அது தெரியும், மாடிப்படியில் தோல்வியைச் சொன்னவளை.

பலமாக வாசிப்பேன், அப்பா. முந்நூற்றைம்பது மரத்துக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பேன். ஊருக்கு வரும்போதெல்லாம் வாசிப்பேன். பக்கம் புரட்டும்போது, "மாமா, பக்கம் பொரட்டுகேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புரட்டுவேன்.

தோற்றுப் போனேன், தோற்றுப் போனேன், தோற்றுப் போனேன்.

உங்கள் ஒரே மகள்,
ஜெனி