தொப்பை வைத்துத் தைத்த கோட்டு

போனை எடுக்காத என் வாயாடி மகளுக்கு, நீ எடுக்காவிட்டாலும் அடித்துக்கொண்டே இருக்கிற அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ நலமா என்று நான் அனுப்பிய செய்திகளெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. நீ ஊரை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. அம்மாவின் பிறந்தநாளுக்கு மட்டும் கூப்பிட்டாய். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசுடி" என்றாளாம். "எதுக்குன்னு அவரையே கேளு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம். அவளும் என்னைக் கேட்டாள். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

சலவைக் கடை ஓடுகிறது. ஸ்டீம் பிரஸ் நடுநடுவே பெருமூச்சு விட்டு நின்றுவிடுகிறது, உன் அம்மா ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடுகிறது. என்னையும் அவள் அப்படித்தான் ஓட்டுகிறாள். நீ உட்கார்ந்து தைத்த மூலையில் இப்போது ஹேங்கர் பெட்டிகளை அடுக்கியிருக்கிறோம். வேறு ஆள் போடவில்லை.

சொல்ல வந்தது வேறு. போன வாரம் நாடக அரங்கத்திலிருந்து சலவைக்கு ஒரு மூட்டை வந்தது. உடை பார்க்கிற பெண் கொண்டுவந்து இறக்கினாள். என்ன நாடகம் என்று சும்மா கேட்டு வைத்தேன். பழைய காலத்துச் சிரிப்பு நாடகம் ஒன்றை இந்தக் காலத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம். காதலன் வெள்ளைக்காரன், காதலி நம்மைப் போல மாநிறம். நடுவில் நின்று குட்டையைக் குழப்புகிற அப்பா ஒருத்தர். மாற்றி எழுதி, இயக்கி, காதலனாகவும் நடிப்பது யார் என்றா கேட்கிறாய்? நம் ஒட்டடைக்கம்புதான். மூன்று வருஷம் உன்னோடு சுற்றிய அந்த நெட்டை வெள்ளைக்காரப் பையனுக்கு உன் அம்மா அன்றைக்கே எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்தாள் பார்.

மூட்டையைப் பிரித்தேன். அப்பா வேஷத்துக்கான கோட்டு என்று சீட்டுக் குத்திய ஒரு பழுப்புக் கோட்டு. உள்பக்கம் பஞ்சு அடைத்து, தலையணை மாதிரி ஒரு பெரிய தொப்பையைத் தைத்திருந்தார்கள். காலரைப் புரட்டினால் சிவப்பு நூலில் நம் கடைக் குறி. பக்கத்தில் உன் அம்மா கையால் தைத்த என் பெயரின் முதல் எழுத்து. அது என் கோட்டு, வாயாடி.

எனக்கு ஏது தொப்பை? இந்த வயதிலும் கல்யாணத்துக்குத் தைத்த சட்டை எனக்குப் பொத்தான் போடுகிறது. அதைச் சொன்னால் உன் அம்மா, "பொத்தான் போடுதுதான், அப்புறம் நீங்க மூச்சு விடுறதில்லையே" என்கிறாள். அது கிடக்கட்டும்.

அந்தக் கோட்டை அவனுக்கு எப்போது கொடுத்தேன் தெரியுமா? ஒரு மழை நாளில் நீ இல்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்கு வந்தான். தெப்பமாக நனைந்திருந்தான். "எங்கம்மாவுக்கு நாங்க சேர்றது பிடிக்கல. அவங்களை எதிர்த்து நிக்க என்னால முடியல" என்று கவுண்டரில் தலையைக் கவிழ்த்து அழுதான். எனக்கு வந்த கோபத்துக்கு இஸ்திரிப் பெட்டியை எடுத்திருக்க வேண்டும். தேநீர் கொடுத்தேன். "இதை அவகிட்ட நீயே நேர்ல சொல்லு. அவ முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்றேன். போகும்போது என் கோட்டைப் போட்டுவிட்டு அனுப்பினேன். அவன் வாயாலேயே உனக்குத் தெரியட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. மறு வாரம் நீ பெட்டியைக் கட்டினாய். சொல்லிவிட்டான் என்று நினைத்தேன்.

இரக்கப்பட்டுக் கொடுத்த கோட்டில் தொப்பை வைத்து ஊரைச் சிரிக்க வைக்கப் போகிறான். எனக்கு வயிறு எரிகிறது. உன் அம்மா கோட்டைத் தொடக்கூட இல்லை. மூட்டையைக் கிளறி அவனுடைய கால்சட்டையை எடுத்தாள். கடைசிக் காட்சியில் மண்டி போட்டு மோதிரம் நீட்டுவானாமே, பின்பக்கத் தையலைப் பிரித்துவிட்டு, இழுத்தால் விட்டுப்போகிற ஓட்டுத் தையல் போட்டுக் கொடுங்கள் என்றாள். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் யார் துணியையும் கெடுத்ததில்லை. ஒரு நிமிஷம் யோசித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசி கோத்தேன்.

சனிக்கிழமை முதல் காட்சி. ரெண்டு பேரும் போகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு தடவை பேசு.

உன் அப்பா

* * *

வாயாடி,

மேலே இருக்கிற கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. உறையில் உன் கையெழுத்தில் "அனுப்பியவருக்கே" என்று எழுதியிருந்தது. ரெண்டு வருஷத்தில் நீ எனக்கு எழுதிய முதல் வார்த்தை. கோபத்தில்கூட அழகாகத்தான் எழுதுகிறாய்.

இந்த முறை கோட்டையே அனுப்புகிறேன். ரெண்டு கடிதமும் உள் பையில் இருக்கின்றன. காகிதத்தைத் திருப்பி அனுப்பலாம், சின்ன வயசில் நீ போர்த்திக்கொண்டு தூங்கிய கோட்டைத் திருப்பி அனுப்ப உனக்குக் கை வராது. உட்கார்ந்து படி.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. அவன் அம்மா முன் வரிசையில் முத்துமாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் நாலு வரிசை தள்ளி. மேடையில் உன்னைப் போலவே வாய் ஓயாமல் பேசுகிற ஒரு பெண். நல்ல பெண்தான், நடிப்பும் வந்தது. என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் தொப்பையை ஆட்டி ஆட்டி நடந்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும், அவனுக்குக் கடைசியில் வைத்திருக்கிறேன் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மழைக் காட்சி வந்தது. காதலன் நனைந்துகொண்டு அப்பாவின் கடைக்கு வருகிறான். அப்பா அவன் சட்டையைப் பிடிக்கிறார். "எம் பொண்ணு பக்கம் திரும்பினே, காலை ஒடிச்சிடுவேன். உன் நிறம் எங்க குடும்பத்துக்கு ஆகாது. நான் இப்படிச் சொன்னேன்னு அவகிட்ட மூச்சு விட்டே, அவளையும் சேர்த்துத் துரத்திடுவேன்" என்கிறார். காதலனின் அம்மா வருகிறாள். எந்த நிறமானாலும் எனக்கு மகள்தான் என்று அவனைக் கட்டிக்கொள்கிறாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. உன் அம்மாதான் என் மணிக்கட்டை நெரித்தாள். "ஏங்க, இதைத்தான் அவகிட்டயும் சொல்லியிருக்கான். இதைத்தான் அவ நம்பிக்கிட்டு இருக்கா" என்றாள். "அவரையே கேளு" என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுற்றிலும் சிரிப்பு. நான் இருட்டில் உட்கார்ந்து அழுதேன். அதைவிட அதிகமாகக் கோபப்பட்டேன்.

கடைசிக் காட்சியில் மண்டி போட்டான். என் தையல் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. ரெண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு, மோதிரத்தை மறந்துவிட்டு வசனம் பேசினான். ஆனால் எனக்கு அது போதவில்லை.

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாமாம். அவன் நாற்காலியில் ஒட்டிக்கொண்டான், எழுந்து ஓட வழியில்லை. யாரோ ஒரு பெரியவர் "இந்த அப்பாக்கள் எப்போ திருந்துவாங்க?" என்று கேட்டார். அவன் சோகமாகத் தலையாட்டி, நேரம் ஆகும் என்றான்.

நான் எழுந்து மேடைக்குப் போனேன். அப்பாவாக நடித்தவரிடம் கோட்டைக் கேட்டு வாங்கினேன். காலரைப் புரட்டி எல்லோருக்கும் காட்டினேன். "இது என் கோட்டு. அந்த அப்பா நான்தான். மழையில நனைஞ்சு வந்து அழுதியே தம்பி, அன்னிக்கு இதை உனக்குப் போட்டுவிட்டது யாரு? வேண்டாம்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன். அவன் நாற்காலியை இன்னும் பின்னுக்குத் தள்ளினான். "சரி, அதை விடு. மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி இந்தக் கதையை யார்கிட்ட சொன்னே? அதையாவது சொல்லு" என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவகிட்டதான்" என்றான். "உங்க மேல போட்டுட்டா எனக்குச் சுலபமா இருக்கும்னு நினைச்சேன்" என்றான்.

அவன் அம்மா எழுந்து நின்றார். "வேண்டாம்னு சொன்னது நான். இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். இல்லாத நல்ல குணத்தை எனக்கு எதுக்குடா எழுதினே?" என்று மகனைக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அந்த அம்மாளை எனக்குப் பிடிக்காது, சாகும்வரை பிடிக்காது. ஆனால் தன் வார்த்தையைத் தானே சுமக்கிறார். அவன் அதை என் தலையில் அல்லவா ஏற்றினான்!

காதலியாக நடித்த பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அப்பா வேஷக்காரர் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நான் கோட்டோடு வீட்டுக்கு வந்தேன். அவனை நான் மன்னிக்கவில்லை. நீ மன்னித்தாலும் நான் மன்னிக்க மாட்டேன், இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொப்பையைப் பிரித்து எடுத்துவிட்டேன். உன் அம்மா அதை ஊசி குத்தி வைக்க வைத்திருக்கிறாள். தைக்கிற வேலை இல்லாதபோதும் எடுத்துக் குத்துகிறாள்.

நேற்று உடை பார்க்கிற பெண் அவனுடைய கிழிந்த கால்சட்டையைக் கொண்டுவந்தாள். அடுத்த காட்சி நடக்குமோ நடக்காதோ, தைத்து வையுங்கள் என்றாள். எங்கள் தையல்காரி வெளியூரில் இருக்கிறாள், அவள் வந்து பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று சீட்டுப் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உன் மூலையிலிருந்து ஹேங்கர் பெட்டிகளை எடுத்தாயிற்று. கால்சட்டை உன் மெஷினுக்கு நேர் மேலே தொங்குகிறது. ஊசி நூலும் இருக்கிறது, கத்தரிக்கோலையும் தீட்டி வைத்திருக்கிறேன். தைப்பதா வெட்டுவதா என்று நீயே வந்து முடிவு செய்.

அங்கே குளிர் என்று அம்மா சொன்னாள். கோட்டைப் போட்டுக்கொள், பொத்தானை மேலேவரை போடு. இந்த வீட்டில் உன்னை யாரும் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை, வாயாடி. நன்றாக இரு.

கவுண்டரில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அப்பா