மதியம்வரை தாங்கும் மருந்து

ஜூன் 3

அன்புள்ள மகளுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை நீ குளிப்பதாக மாப்பிள்ளை சொன்னார். இரண்டாம் முறையும் குளித்துக்கொண்டிருந்தாய். மூன்றாம் முறை "இன்னும் வரலை அத்தை" என்றவரின் முதுகுக்குப் பின்னால் உன் இருமல் கேட்டது. அதனால்தான் கடிதம்.

வீடு முழுக்க ஆறு வாரத் தூசி. எதிர்வீட்டு டெய்லர், "மூணு மாசம்னு சொன்னீங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்று கேட்டார். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். தண்ணீரைப் பரிசோதிப்பதே என் மகளின் உத்தியோகம் என்பது அவருக்குத் தெரியாதது நல்லதாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். நூற்றொரு டிகிரி காய்ச்சலில் கிடந்த ஏழு வயதுக் குழந்தைக்கு மருந்தைப் புகட்டி, தலை பின்னி, பள்ளி வேனில் ஏற்றி அனுப்பினாய். பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து கூப்பிட்டபோது உன் போன் ஆபீசில் பூட்டிய டிராயருக்குள் இருந்தது. நான் போய்ப் பார்த்தபோது வாண்டு அலுவலக அறையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தாள். டீச்சர் முன்னால், மற்ற அம்மாக்கள் முன்னால், "என் மகளுக்கு ஆபீஸ்தான் மூத்த குழந்தை. நானும் வேலைக்குப் போனவதான், ஒரு நாள் இப்படிச் செஞ்சதில்லை" என்று சொன்னேன். சொன்னதைத் திரும்பப் பெறுவதாக இல்லை. முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றேன், உன்னையும் வளர்த்தேன்.

பாத்திரம் துடைக்கும் துணியையும் மேசை துடைக்கும் துணியையும் ஒரே ஆணியில் மாட்டாதே.

உன் நன்மையையே நினைக்கும்,
அம்மா


ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

போனை எடுக்காதது என் தப்புதான். துணிகளுக்குத் தனித்தனி ஆணி அடித்தாயிற்று.

நீங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதனால்தான் போனுக்கு வரவில்லை. ஆனால் நீங்கள் பார்க்காததும் ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அன்று ஐந்தரை மணிக்கு வாண்டின் நெற்றியைத் தொட்டேன். தொட்டதும் என் மனதில் முதலில் வந்தது "ஐயோ குழந்தை" என்பதில்லை. "இன்றைக்கா" என்பதுதான். ஒன்பது மணிக்குள் நான்கு தொட்டிகளிலும் மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் ஊருக்குத் தண்ணீர் திறப்பார்கள். அன்று அதைச் சோதிக்க மேலிடத்துக் குழுவும் வருவதாக இருந்தது. ஆறு மணிக்குக் கொடுத்தால் மருந்து மதியம்வரை தாங்கும், அதற்குள் குழு போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அடுத்த அறையில் நீங்கள் இருந்தீர்கள்; உங்களிடம் விட்டால், சமாளிக்கத் தெரியாதவள் என்று நினைப்பீர்களே என்று கேட்கவில்லை. "டீச்சர் கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லு கண்ணு" என்று சொல்லியும் கொடுத்தேன். அவள் சமர்த்தாக அப்படியே சொல்லியிருக்கிறாள்.

இப்போது பள்ளி வாசலில் நான் போய் நின்றால் மற்ற அம்மாக்கள் பேச்சை நிறுத்தி எனக்கு வழிவிடுகிறார்கள். முந்தாநாள் வாண்டு கேட்டாள்: "ஆபீஸ்தான் உனக்கு மூத்த குழந்தையாம்மா? அப்போ நான் தங்கச்சியா?" கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பதினோரு வருஷ வேலை. இந்த மாதம் முப்பதாம் தேதி ராஜினாமா கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் மகள்


ஜூன் 14

அன்புள்ள மகளுக்கு,

உன் முடிவு சரியானது. குழந்தைக்குத் தாய் வீட்டில் இருப்பதைப்போல் வராது.

விட்ட வேலை பிறகு கேட்டாலும் கிடைக்குமா என்று விசாரித்தாயா? சும்மாதான் கேட்கிறேன். உனக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாயே, அது நினைவு வந்தது.

இதற்கு மேல் எழுத ஓடவில்லை. வெயில் அதிகம்.

அம்மா


ஜூன் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

ராஜினாமாக் கடிதத்தை டைப் செய்து பையில் வைத்திருக்கிறேன். ஆறே வரிகள்தான். எங்கள் ஆய்வகத்துப் பெரிய கெமிஸ்ட் சார், "முப்பதாம் தேதிவரைக்கும் அது உன் பையிலேயே இருக்கட்டும். அவசரத்துல எடுத்த ரீடிங்கை நாம நம்புறதில்லையே" என்றார். உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார், திரைச்சீலைக்கு எந்த நிறம் என்று கேட்டதுபோல. வாண்டிடமும் சொன்னேன். "அப்போ தினமும் வீட்லயே இருப்பியா? என்னையே பார்த்துட்டு இருப்பியா?" என்று கொஞ்சம் பயந்துதான் கேட்டாள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆபரேஷன் இருக்கும் நாட்களில் யாரிடம் விட்டீர்கள்? யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றுமே நினைவில்லை. வெள்ளை உடுப்பில் நீங்கள் வெளியே கிளம்புவது மட்டும் நினைவிருக்கிறது. நீங்கள் சமாளித்திருக்கிறீர்கள். என்னால் மட்டும் ஏன் முடியவில்லை என்பதையாவது தெரிந்துகொண்டு வேலையை விடுகிறேன்.

உங்கள் மகள்


ஜூன் 25

அன்புள்ள மகளுக்கு,

முப்பதாம் தேதிக்கு முன் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நான்கு தாளைக் கிழித்தாயிற்று. கான்வென்ட்டில் பழகிய என் கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நானும் அதையே செய்தேன்.

உனக்கு அப்போது நாலு வயது. பிறந்ததிலிருந்து உன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். நீ அவளை ஆயாம்மா என்பாய். அன்று காலை உனக்கு நூற்றொன்று. எட்டு மணியிலிருந்து வரிசையாக மூன்று ஆபரேஷன். தலைமை நர்ஸ் பதவிக்கு என் பெயரும் இன்னொருத்தியின் பெயரும் மேலே போயிருந்தன. லீவு கேட்டால் "பிள்ளைக்காரிதானே" என்று அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். உன் அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. உனக்கு மருந்து கொடுத்தேன், முகம் துடைத்துப் பவுடர் போட்டேன். ஏழரைக்கு ஆயாம்மா வந்தபோது நீ சில்லென்று இருந்தாய். மருந்து கொடுத்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் உன்னைப் பள்ளிக்கு அழைத்துப் போக மாட்டாள். உன்மேல் அவளுக்கு அத்தனை பிராணன்.

பதினொன்றரைக்குப் பள்ளியிலேயே உனக்கு வலிப்பு வந்தது. உன்னை அழைத்துவர வந்திருந்த ஆயாம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் என் ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தாள். ஊசி போட்டு உன் வலிப்பு அடங்கிய பிறகு டாக்டர் நிமிர்ந்து கேட்டார்: "இந்தக் காய்ச்சலோட குழந்தையை யாரு ஸ்கூலுக்கு அனுப்புனது?" எனக்குக் கீழே வேலை பார்த்த நர்ஸுகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"நான் கிளம்பும்போது நல்லாத்தான் இருந்தா டாக்டர். இவதான் கவனிக்கலை" என்றேன்.

"நான் தொட்டுப் பார்த்தேம்மா. சூடே இல்லம்மா" என்றாள் ஆயாம்மா.

"உனக்கு இருக்கறது கையா, கட்டையா?" என்று கேட்டேன். அன்று மாலையே அவளை நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் பதவி எனக்கு வந்தது. வாரக்கணக்கில் நீ வாசலில் நின்று அவளைக் கேட்டு அழுதாய். "உன்னைச் சரியாப் பாத்துக்கலை, அதான் வரலை" என்று உன்னிடமும் சொன்னேன்.

அவள் இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள், இங்கிருந்து மூன்று தெரு தள்ளி. எப்போதாவது கடைத்தெருவில் எதிரே வருவாள். என்னைக் கண்டதும் அவள்தான் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

பள்ளி அறையில் வாண்டு படுத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம். யாராவது என்னைப் பார்த்து "யாரு அனுப்புனது?" என்று கேட்டுவிடுவார்களோ என்று. அதனால் முந்திக்கொண்டு உன்னைக் காட்டினேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

வேலையை விடுவதும் வைத்துக்கொள்வதும் உன் முடிவு. ஆனால் என்னைப் பார்த்து வேலையை விடாதே. நீ உன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த அம்மா எந்த வீட்டிலும் இருந்ததில்லை.

அம்மா


ஜூலை 2

அம்மாவுக்கு,

கடிதம் இருபத்தெட்டாம் தேதியே கிடைத்தது. ராஜினாமாவைக் கொடுக்கவில்லை. அதனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். மருந்து கொடுத்துத்தான் அனுப்பினேன், பொய் சொல்லவும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், குழந்தைமேல் தப்பில்லை என்று டீச்சரிடம் சொன்னேன். வாண்டையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் சொன்னேன். டீச்சர் நோட்டைத் திறந்தார். "அவங்க அப்பா நம்பரையும் குடுங்க. முதல்ல அவரைக் கூப்பிடறோம்" என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது உங்கள் மாப்பிள்ளை, "என் நம்பரையா?" என்றார், பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைத் தவறாகக் கொடுத்துவிட்டதுபோல. "நீங்கதான் அப்பா" என்றேன். வாண்டுக்குக் காய்ச்சல் வந்த அன்று காலை அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார் அம்மா. நீங்கள் பள்ளியில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அவரைக் கேட்கத் தோன்றவே இல்லை.

கெமிஸ்ட் சாரிடமும் சொல்லிவிட்டேன். "அஞ்சரைக்கே ஒரு போன் போட்டிருந்தா நான் வந்து சாம்பிள் பாட்டிலை நிரப்பியிருப்பேனே. வயசுதான் ஆச்சு, கை நடுங்கலை" என்றார். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்திருந்தேன். அது எங்கிருந்து எனக்கு வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஆனால் நீங்கள் உள்ளதைச் சொல்ல வேண்டியது எனக்கு மட்டும் இல்லை. என்னைப் பற்றி அத்தனை பேர் முன்னால் பேசினீர்கள். ஆயாம்மாவையும் அப்படித்தான் பேசியிருக்கிறீர்கள். அவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டாம். நேரில் போங்கள். வீட்டு மனிதர்கள் எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்கள். போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரை வேண்டாம்.

மகள்


ஜூலை 17

அன்புள்ள மகளுக்கு,

போய் வந்தேன். இரண்டு தடவை தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவைதான் உள்ளே போனேன்.

மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், எல்லாரும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஆயாம்மா எழுந்து நின்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து கொடுத்தது, அவரிடம் மறைத்தது, டாக்டரிடம் பழியைப் போட்டது. நடுவில் மகன் ஏதோ சொல்ல வந்தான். மருமகள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

நான் முடித்ததும் அவள்தான் பேசினாள். "எங்க அத்தை எங்க பிள்ளைங்களையே என்னைக் கேட்டுத்தான் தூக்குவாங்க. உடம்பு சுடுதா பாருங்கத்தைன்னா, எனக்குத் தெரியாதும்மா, நீயே பாருன்னு நகர்ந்துடுவாங்க. இத்தனை வருஷமா இது என்ன சுபாவம்னு நினைச்சிட்டிருந்தேன்." மகன் என்னைப் பார்க்காமல், "சொல்லிட்டீங்கள்ல, கிளம்புங்க" என்றான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "நெசமாவே அன்னிக்குச் சூடு இல்லையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "நான் தொட்டப்போ இல்லதானே?" என்றார். இல்லை, சில்லென்று இருந்தது, உங்கள்மேல் தப்பே இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மருமகளின் தோளைத் தொட்டு, "கேட்டியா, சூடு இல்லையாம்" என்றார்.

அம்மா