பொதுக் கிணறும் என் கல்லும்

ஐப்பசி 14, புதன்

இரண்டு நாள் மழையில் கிணற்றுக்கட்டின் ஒரு பக்கம் இன்று காலை இடிந்து உள்ளே விழுந்துவிட்டது. நான்கு வீட்டுக்கும் குடிக்க இந்த ஒரு கிணறுதான். போன மாதம் பக்கத்து வீட்டு ஜெகன் மோட்டர் பைப் கொண்டுபோக, ஒருவரையும் கேட்காமல் அந்தக் கட்டைத் துளைத்தான். வெடிப்பு அந்த ஓட்டையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

பின்னேரம் எல்லாரும் கிணற்றடியில் கூடினோம்.

"கிணறு பொது அக்கா. அப்ப கட்டுறதும் எல்லாரும் சேர்ந்துதானே?" என்றான் ஜெகன்.

"கிணறு பொதுதான் தம்பி. ஓட்டை நீ போட்டது. நீதான் கட்டவேணும்."

"அப்ப கிணத்தடியில நீங்கள் பதிச்ச உடுப்புத் தோய்க்கிற கல்லு? அதுக்கும் ஒருத்தரையும் கேக்கேல்லையே."

"ஓம், அது என்ரை. உடைஞ்சா நான்தான் திருத்துவன்."

அதோடு அவன் அடங்கிவிட்டான். "சரியக்கா, விடிய நெடுங்கேணிக்குப் போய் சீமெந்து எடுத்துக்கொண்டு வாறன்" என்றான்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தக் கல்லைச் சுற்றி நான் போட்ட சீமெந்து மூன்று மாதமாக வெடித்துக் கிடக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் அதன் வழியே கிணற்றுப் பக்கம்தான் இறங்குகிறது. வெடிப்பின் மேல் பெரிய வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அது ஜெகனுக்குத் தெரியாது.

நாளை அவனுக்குப் பக்கத்தில் நின்று நானும் என் கல்லடிக்குக் குழைப்பேன். வெடிப்பைப் பார்த்து அவன் சிரித்தால் சிரிக்கட்டும். சீமெந்து குழைக்க எப்படியும் அந்த வாளி வேண்டும்.