சுவர்ப் பக்கத்துக் குழாய்

20 ஜனவரி 2025, திங்கள்

காலை 6.10. இரண்டு சோதனைக் குழாய்களையும் அளந்தேன். ஒரே பாத்திரத்தில் காய்ச்சிய கடல்பாசிக் கூழ், அதில் பொட்டாசியம் குரோமேட். மேலே தாமிரக் குளோரைடுக் கரைசல். ஒன்று கூடத்து மேஜையில், மற்றது சமையலறைச் சுவர் அலமாரியில். கரைசல் கீழே இறங்க இறங்க வளையம் வளையமாகப் படிகிறது. கம்பெனி ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷம் பிறர் கேட்டதையே சோதித்தேன். இது நானாகக் கேட்பது.

மகன் அன்புசெல்வன் பூனாவிலிருந்து பேசினான். மார்ச் முதல் தேதி வேனோடு வந்து, வீட்டைக் காலி செய்து என்னை அங்கே அழைத்துப் போகிறானாம். "அம்மாவும் இல்ல. அங்க யாருப்பா இருக்கா உங்களுக்கு?"

சரி என்றேன்.

27 ஜனவரி, திங்கள்

மேஜைக் குழாய் பாடத்தில் படித்தபடி: கீழே போகப் போக இடைவெளி கூடுகிறது. சுவர்க் குழாயில் எல்லாம் சம இடைவெளி, நாளுக்கு ஒரு வளையம். நேற்று மட்டும் விழவில்லை. என் தவறாகத்தான் இருக்கும். கூழைச் சரியாகக் கலக்கவில்லையோ?

28 ஜனவரி

யாரும் வரவில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

எல்லாவற்றையும் கொட்டாமல் தனியே மூடிவைத்துவிட்டு, புதிதாக இரண்டு குழாய் வைத்தேன். இம்முறை அரை மணி நேரம் கலக்கினேன்.

17 பிப்ரவரி, திங்கள்

சுவர்க் குழாயில் ஆறு வளையம், ஒரு வெற்றிடம். ஆறு வளையம், ஒரு வெற்றிடம். வெற்றிடம் இரண்டும் ஞாயிறு. ரசாயனத்துக்குக் கிழமை தெரியுமா?

வெளியிலிருந்து ஒழுங்காக ஒரு தூண்டல் வந்துகொண்டிருந்தால், வினை தன் போக்கை விட்டு அந்தத் தாளத்துக்கு மாறிவிடும் என்று படித்திருக்கிறேன். எது தூண்டுகிறது? எளாவூருக்குப் போகும் லாரிகளின் அதிர்வா? அவை ஞாயிறும் ஓடுகின்றன. வெயில் அலமாரிப் பக்கம் வருவதேயில்லை.

18 பிப்ரவரி

வெப்பமானியைச் சுவரோடு சேர்த்து ஒட்டினேன். காலை 4 மணி: 25 டிகிரி. 5.30: 34.

சுவருக்கு அந்தப் பக்கம் ரோசம்மாளின் அடுப்பு. முதல் ஷிப்ட் ஆட்களுக்கு இட்லி அவித்து அனுப்புகிறவர். பதினோரு வருஷமாகப் பொதுச்சுவர். ஒருநாளும் அந்தப் படி ஏறியதில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் தரும் பலகாரத்தை என் மனைவி சந்திரகலா வாங்கி, அப்படியே வேலைக்காரியிடம் கொடுத்துவிடுவாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கூச்ச சுபாவம் என்று என்னைப் பற்றி எழுதிவந்திருக்கிறேன். கூச்சம் மட்டும்தானா?

ஊகம் போதாது. அவரிடம் கேட்க வேண்டும்.

19 பிப்ரவரி

சட்டை மாற்றிக்கொண்டு வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன்.

20 பிப்ரவரி, வியாழன்

போனேன். குழாயையும் எடுத்துக்கொண்டு.

"இன்னா சார், சத்தம் வருதா? கம்ப்ளெய்ண்ட்டா?"

"இல்லம்மா... ஞாயித்துக்கிழமை நீங்க அடுப்பு பத்தவைக்கிறதில்லையா?"

"ஞாயிறு பூசைக்குப் போவணும். கம்பெனியும் லீவு, இட்லிய யாரு துன்றது? பதினோரு வருஷம் கழிச்சி வந்து இத்தத்தான் கேக்கணும்னு இருந்தியா சார்?"

குழாயைக் காட்டி விளக்கினேன். எதையோ விட்டு, எதையோ திரும்பச் சொன்னேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இத்தெல்லாம் நான் போட்டதா? தெனிக்கும்?"

"தினமும்மா. ஞாயிறு தவிர."

ஒரு ஞாயிறு, அதே நேரத்தில் அடுப்பைப் பற்றவைக்க முடியுமா என்று கேட்டேன். கேட்டது அதிகமோ? சிரித்தார்.

"வைக்கிறேன். பூசை எட்டரைக்குத்தான். ஆனா கேஸ சும்மா எரிய வுடமாட்டேன். இட்லி ஊத்துவேன். நீதான் வந்து துன்னணும். வேலைக்காரிக்கெல்லாம் குடுத்தனுப்ப முடியாது."

அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தலை நிமிர முடியவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

அடுப்பு எரிந்தது. ஐந்து இட்லி. படியில் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் சற்று நின்றேன்.

24 பிப்ரவரி, திங்கள்

காலை 6.10. ஞாயிறு இடத்தில் வளையம் விழுந்திருக்கிறது. மெல்லியது, ஆனால் இருக்கிறது. மூன்று முறை அளந்தேன்.

அன்பு பேசினான். "பேக்கிங் முடிஞ்சுதாப்பா?"

"வேன் வேண்டாம். நீ மட்டும் வா," என்றேன். "சுவருக்கு அந்தப் பக்கம் ரோசம்மாள்னு ஒருத்தர் இருக்காங்க."