ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்தது

க்ரிம்ஸ்பி,
ஏப்ரல் 24, வியாழன்.

அன்புள்ள பெவர்லி,

இங்கே நலம். நீயும் ஜூலியனும் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்ன இது, பெவ் என்று எழுதாமல் முழுப் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாள் என்று பார்க்கிறாயா? அம்மா நம்மை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அதே அர்த்தம்தான்.

தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் பாதி பேசும்போதே பக்கத்திலிருந்து உன் கணவர் தொண்டையைச் செருமுகிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து இதைக் கடைசிவரை படி.

முதலில் விஷயம். மே மூன்றாம் தேதி சனிக்கிழமை அப்பா இங்கே, தன் வீட்டில் இருந்தாக வேண்டும். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், 'ரெண்டு வாரம் வந்து ஓய்வெடுங்கப்பா' என்று சொல்லித்தான் அவரைக் காரில் ஏற்றி பாத் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஈஸ்டர் கூட முடிந்துவிட்டது. இப்போது என்னடாவென்றால், அவர் உன்னோடேயே இருந்துவிடட்டும், இந்த வீட்டை விற்றுவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அவருடைய எடை குறைந்திருக்கிறதாம், சர்க்கரை குறைந்திருக்கிறதாம். இங்கே திரும்பினால் மறுபடியும் பாக்கெட்டும் டப்பாவுமாகத் தின்று அம்மா போன வழியிலேயே போய்விடுவாராம்.

'அம்மா போன வழி.' அதைப் படித்துவிட்டு எவ்வளவு நேரம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. கெட்டிலில் தண்ணீர் கொதித்து ஆறியும் போய்விட்டது.

அடக்கம் நடந்த அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். மீனவர் கிளப்பில் அன்றைக்கு என்ன பரிமாற வேண்டும் என்று அம்மா தானே, சாவதற்கு முன்பே, கிளப் நடத்தும் டென்னைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்திருந்தாள். வெள்ளை ரொட்டியில் ஹாம் சாண்ட்விச், சாசேஜ் ரோல், சிப்ஸ், அப்புறம் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையின் மீன் ஃபிங்கர் ஒரு பெரிய தட்டு நிறைய. 'நான் ஆயுசு பூரா செஞ்சத நாலு பேரு தின்னுட்டுப் போகட்டும் டென்'னு சிரித்துக்கொண்டே சொன்னாளாம். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை ரத்து செய்துவிட்டு, பாத்திலிருந்து பருப்பு சாலட்டும் ஆலிவும் அந்தப் பாறாங்கல் ரொட்டியும் கொண்டுவந்து அடுக்கினாய்.

வந்தவர்கள் யார் பெவர்லி? அம்மாவோடு அந்தத் தொழிற்சாலையில் நின்ற பெண்கள். எல்லாருக்கும் எண்பதை ஒட்டிய வயது, எல்லாருக்கும் கட்டிய பல். பாலின் ஒரு கடி கடித்தாள், பல் செட் ரொட்டியோடு கையில் வந்துவிட்டது. 'ஆட்ரிய வழியனுப்ப வந்தா என் பல்லையும் சேத்து அனுப்பிடுவீங்க போலயே'ன்னு அவள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜூலியன் சிரிக்கவில்லை. கையில் தட்டை வைத்துக்கொண்டு, வருமானம் குறைந்த குடும்பங்கள்தான் இந்த ஆலை உணவை அதிகம் சாப்பிடுகின்றன என்று பத்திரிகையில் படித்ததைப் பாலினிடம் விளக்கினார். அவள் கேட்டுவிட்டு, 'தின்னது மட்டுமா தம்பி, செஞ்சதும் நாங்கதான். உங்க வீட்டுப் புள்ளைங்களும் சின்னதுல தின்னிருக்கும், வேணும்னா கேட்டுப் பாருங்க'ன்னு பல்லைக் கழுவப் போய்விட்டாள். அதற்கப்புறம் கறுப்புடையோடு எல்லாரும் எதிர்க் கடைக்குப் போய் வரிசையில் நின்று, பொரித்த மீன் வாங்கிக் கடல்சுவரில் உட்கார்ந்து தின்றார்கள். என் அம்மாவின் சாவுக்கு வந்தவர்கள் என் அம்மாவின் செலவில் சாப்பிடாமல் போனார்கள். அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சர்க்கரை அம்மாவின் காலை எடுத்தது, அப்புறம் கண்ணை எடுத்தது, கடைசியில் அவளையே எடுத்தது. நர்ஸ் சொன்னதும் நீ சொன்னதும் ஒன்றுதான். நீ சொல்வது சரி. ஆனால் சரியாக இருப்பதற்கு உனக்கு என்ன செலவு? உன் வீட்டில் அடுப்புக்கு முன்னால் நிற்க நேரம் இருக்கிறது. நான் ஒரு நாளைக்கு எத்தனை கிழவர்கள் வீட்டுக்கு ஏறி இறங்குகிறேன் தெரியுமா? ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். அதற்குள் கழிப்பறைக்குக் கூட்டிப் போக வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், சாப்பாடு கொடுக்க வேண்டும். பட்டாணியை ஊற வைத்துக்கொண்டு நிற்கச் சொல்கிறாயா? உறையைக் கிழித்து மைக்ரோவேவில் வைக்கிறேன். 'சூடா இருக்கு கண்ணு, நன்றி' என்று அவர்கள் சொல்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு அன்றைக்கு மனிதக் குரல் கேட்பதே அந்தப் பதினைந்து நிமிடம்தான். வீடு திரும்பினால் என் பிள்ளைகளுக்கும் அதே உறை, அதே மைக்ரோவேவ். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அதை நீ வந்து எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ மறந்துவிட்டது போலத் தெரிகிறது. உனக்கும் எனக்கும் அம்மா ஒன்று, சாப்பாடு ஒன்றல்ல. அப்பா ஆழ்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பிறந்தவள் நீ. அம்மா வீட்டில் இருந்தாள். எலும்பு வேகும், ரொட்டி வேகும், ஸ்டூவில் மாவு உருண்டை மிதக்கும். உனக்கு அது பிடிக்கவில்லை. டாக்டர் வீட்டுப் பெண்ணின் பிறந்தநாளில் பெட்டியில் வந்த கேக்கும், தண்ணீர் ஊற்றினால் மசியலாகும் உருளைக்கிழங்குத் தூளும் வைத்தார்கள் என்று வீட்டுக்கு வந்து அழுதாயாம். 'நாம மட்டும் ஏம்மா ஏழைங்க மாதிரி ஸ்டூ தின்றோம்'னு கேட்டாயாம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்போது பாக்கெட் பணக்காரர்கள் சமாச்சாரம்.

அப்புறம் ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் கடலில் நம் கப்பல்கள் மீன் பிடிக்கக் கூடாது என்று மூடினார்கள், கப்பல்கள் துறைமுகத்தில் துருப்பிடித்தன, அப்பா சோபாவில் உட்கார்ந்தார், அம்மா மீன் ஃபிங்கர் ஆலைக்குப் போனாள். எனக்கு அப்போது ஐந்து வயது. எனக்குத் தெரிந்த அம்மா வேலை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே ஃப்ரீசரைத் திறப்பவள். ஆலையில் உடைந்துபோன துண்டுகளைப் பையில் போட்டு மலிவாகக் கொடுப்பார்கள். அதைத் தின்றுதான் நான் வளர்ந்தேன். நான் குறை சொல்லவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இன்றைக்கு உன் வீட்டு விருந்தில் பெரிய வெள்ளைக் கிண்ணத்தில் 'நாட்டுப்புற ஸ்டூ' என்று வைக்கிறீர்களே, அது எந்த நாட்டுப்புறம் பெவ்? எங்கள் தெருவில் அதைத் தின்பவர்களைப் பார்த்து முகம் சுளித்த அதே ஆட்கள், இப்போது எங்கள் தெருவில் அதைத் தின்னவில்லை என்று முகம் சுளிக்கிறார்கள். நாங்கள் எப்போதுதான் சரியாகத் தின்பது?

இப்போது அப்பா ஏன் வந்தாக வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

நீங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போகும்போது அவர் எனக்குப் போன் செய்கிறார். குற்றம் சொல்வதில்லை. 'நல்லாத்தான் பாத்துக்கறாங்க கண்ணு. எல்லாத்துலயும் ஏதோ விதையத் தூவறாங்க, கிளிக்கு வெக்கிற மாதிரி. பல்லுல மாட்டிக்குது, அவ்வளவுதான்'னு சொல்கிறார். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லையாம், கயிறு கட்டியிருக்கிறாராம். நீ அதை எடை குறைந்தது என்கிறாய். நான் அதை மனிதன் சாப்பிடவில்லை என்கிறேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே கேள்வி: 'ஃப்ரீசர் ஓடுதா? கரண்டு மீட்டர்ல காசு போட்டுட்டியா? டப்பா பத்திரமா இருக்கா?'

எந்த டப்பா என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, நான் வேலைக்கும் அப்பா கல்லறைக்கும் போயிருந்தபோது, நீ அம்மாவின் சமையலறையைச் சுத்தம் செய்தாய். அலமாரி, ஃப்ரீசர் எல்லாம் காலி. கறுப்புப் பைகளில் கட்டி வாசலில் வைத்தாய், மத்தியானம் குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. அன்று மாலை போகும் வழியிலிருந்து எனக்குப் போன் செய்து சொன்னாயே, 'லொரெய்ன், சர்க்கரை நோயாளி வீட்ல நாலு டப்பா ஐஸ்கிரீம்! நீ எதையுமே பாக்கறதில்லையா?' என்று. நான் அப்படியே போனை வைத்துவிட்டேன்.

பெவ், நீ இந்த வீட்டில் பிறந்தவள். இந்த வீட்டில் எந்த டப்பாவிலாவது அதன் மேல் எழுதியிருந்தது இருந்ததுண்டா? பிஸ்கட் டின்னில் நூலும் ஊசியும். மார்ஜரின் டப்பாவில் ஆணி. ஐஸ்கிரீம் டப்பாவில் ஸ்டூ. ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையா உனக்கு? மேலே வெண்ணிலா என்று போட்டிருந்தது, ஆகவே இவர்கள் வெண்ணிலாதான் தின்றிருப்பார்கள், அவ்வளவுதானே?

கண் மங்கிய பிறகு, ஒற்றைக் காலோடு, நாற்காலியை அடுப்புக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு அம்மா ஜனவரியில் செய்த ஸ்டூ அது. காரட்டைத் தடவித் தடவி வெட்டினாளாம். அப்பா மாவு பிசைந்து கொடுத்திருக்கிறார். நாலு டப்பாவில் போட்டு வைத்து, 'நான் இல்லாம வர்ற மொத கல்யாண நாளுக்கு இதச் சுட வெச்சுத் தின்னுங்க வில்ஃப், அழுதுகிட்டே டோஸ்ட் தின்னாதீங்க'ன்னு சொல்லியிருக்கிறாள். மே மூன்றாம் தேதி அவர்களுடைய கல்யாண நாள். அதற்குத்தான் அவர் திரும்பி வரத் துடிக்கிறார். உன் வீட்டில் சரியாகச் சாப்பிடாததும் அதற்குத்தானோ என்னவோ.

ஒவ்வொரு தடவையும் நான் அவரிடம், 'இருக்குப்பா, பத்திரமா இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன சொல்வேன்? எண்பத்து நாலு வயது மனிதரிடம் போனில் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, போட்டுக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். மே இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமையே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. ஜூலியன் வேண்டாம், ரொட்டியும் வேண்டாம். அப்பாவை அவர் நாற்காலியில் உட்கார வைத்து, அவர் ஃப்ரீசரைத் திறப்பதற்கு முன்னால், நீ உன் வாயால் சொல்லு. நான் பக்கத்தில் நிற்கிறேன். அவர் என்ன சொன்னாலும் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கொள்வோம். வேறு எதையாவது டப்பாவில் போட்டு அவரை ஏமாற்றும் யோசனை உனக்கு வேண்டாம், எனக்கு வந்தது, விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமை காலையில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்புப் பக்கம் வா. இறைச்சியும் காரட்டும் வெங்காயமும் வாங்கி வைத்துவிடுவேன், ஒரு நாள் லீவும் போட்டுவிட்டேன். மாவு உருண்டை எப்போது போடுவது, மூடியை எப்போது திறப்பது, எதுவும் எனக்குத் தெரியாது. அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு நின்று பார்த்தவள் நீதான். எனக்குச் சொல்லித்தர அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வழியில் அப்பாவுக்குப் பசித்தால் அவர் கேட்பதை வாங்கிக் கொடு.

உன்மேல் கோபம் தீராத உன் தங்கை,
லொரெய்ன்